இரட்டைப் பதிவு முறை பர்மாவில் பிறந்ததா?

"பற்று, வரவு என்று இரண்டு பக்கமும் எழுதும் இரட்டைப் பதிவுக் கணக்குமுறையை செட்டிநாட்டு நகரத்தார்தான் பர்மாவில் கண்டுபிடித்தார்கள்; வெள்ளைக்காரன் அதை இத்தாலிக்குக் கொண்டுபோய்விட்டான்" என்று காரைக்குடிப் பக்கம் வணிகவியல் மாணவர்களின் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது.

தவறு. காலமே ஒத்துவரவில்லை. இத்தாலியின் ஜெனோவா நகர நிர்வாகத்தின் 1340ஆம் ஆண்டுப் பேரேட்டிலேயே (கணக்குகளைத் தொகுத்து வைக்கும் முதன்மைப் புத்தகம்) இம்முறை இருக்கிறது. இத்தாலியக் கணித அறிஞர் லூகா பாச்சோலி 1494இல் வெனிஸில் அதை விளக்கி அச்சிட்டார். (அவரும் கண்டுபிடித்தவர் அல்லர்.) நகரத்தார் பர்மாவுக்குப் பெருமளவில் கப்பலேறியது 19ஆம் நூற்றாண்டில்.

இல்லாத பெருமை எதற்கு? இருப்பதே பெரிது. பர்மாக் கடை முகவர் பேரேட்டைக் கூட்டி, ஐந்தொகை (இருப்புநிலைக் குறிப்பு) எடுத்து ஊருக்கு அனுப்புவார். கடல்தாண்டிய கடையின் சொத்தும் கடனும் லாபமும் முதலாளிக்குச் செட்டிநாட்டு வீட்டிலேயே தெரிந்துவிடும்.