ஜைரோ கெயினைக் கூட்டுவதற்கு முன்னால்

"காரை ஜைரோதானே ஓட்டுது, நீ என்னத்த ஓட்டுற?" என்று மச்சான் கேட்ட நாளிலிருந்து இதை எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஆர்சி ட்ரிஃப்ட் கார் வைத்திருக்கும் எல்லோரும் ஒரு முறையாவது இந்தக் கேள்வியை வாங்கியிருப்பார்கள். ஜைரோ என்பது, கார் சுற்றிவிடாமல் முன்சக்கரத்தைத் தானே மடக்கிக் கொடுக்கும் குட்டிக் கருவி. கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது என்பதுதான் கடுப்பு.

இந்தப் பக்கம் வராதவர்களுக்காக ஒரு வார்த்தை. நிஜக் காரில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள கார், ரிமோட்டில் ஓடும். யார் முதலில் வந்தார்கள் என்று இங்கே யாரும் பார்ப்பதில்லை. வளைவில் வாலை வெளியே வீசி, முன்சக்கரத்தை எதிர்ப்பக்கம் மடக்கி, சறுக்கிக்கொண்டே போக வேண்டும். எந்தக் கோட்டில் போனாய், எவ்வளவு கோணத்தில் போனாய், ஜோடியாக ஓடினால் முன்னால் போகும் காரின் கதவை எவ்வளவு நெருங்கினாய், அவ்வளவுதான் கணக்கு. ஜப்பானில் டி1 கிராண்ட் பிரி போன்ற நிஜ ட்ரிஃப்ட் போட்டிகளில் பார்ப்பதும் ஏறக்குறைய இதையேதான்.

முன்பு ஜைரோ தேவைப்படவில்லை. நான்கு சக்கரமும் சுற்றும் சாதாரண ஆர்சி காரை எடுத்து, ரப்பர் டயரைக் கழற்றிவிட்டு, பிவிசி குழாயை வளையமாக அறுத்து மாட்டி ஓட்டினார்கள். நன்றாகவே வழுக்கும். ஆனால் முன்சக்கரமும் இழுப்பதால், மூக்கு எங்கே பார்க்கிறதோ அங்கேயே கார் போகும். எதிர்ப்பக்கம் மடக்கும் அந்த அழகு வராது. அப்புறம் பின்சக்கரங்களை முன்சக்கரங்களைவிட வேகமாகச் சுற்றும்படி கியரை மாற்றினார்கள். கொஞ்சம் அழகு வந்தது. கடைசியில் முன்சக்கரத்துக்குப் போகும் பெல்ட்டையே கழற்றிவிட்டு, நிஜக் கார் மாதிரி பின்சக்கரம் மட்டும் தள்ளும் கார்கள் வந்தன. 2016இல் யோகோமோ நிறுவனத்தின் ஒய்டி-2 கார் வந்த பிறகு அந்தப் பக்கம் போனவர்கள் ஏராளம். இந்த வகைக் கார்தான் கண் மூடித் திறப்பதற்குள் பம்பரமாகச் சுற்றிவிடும். ஜைரோ இல்லாமல் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு கும்பிடு.

சரி, ஜைரோ என்ன செய்கிறது? காரின் மூக்கு எந்த வேகத்தில் திரும்புகிறது என்று பார்த்து, அதற்கு எதிர்ப்பக்கமாக முன்சக்கரத்தை மடக்கச் சொல்லி, ஸ்டியரிங்கைத் திருப்பும் குட்டி மோட்டாரான செர்வோவுக்குச் சொல்கிறது. எவ்வளவு பலமாகச் சொல்ல வேண்டும் என்பதுதான் கெயின். ரிமோட்டின் மூன்றாவது சேனலில் வைத்துக் கூட்டிக் குறைக்கலாம்.

இதை ஏமாற்று என்று சொல்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். நிஜக் காரில் வால் நழுவுவது ஓட்டுநருக்கு முதலில் எங்கே தெரியும்? கண்ணில் இல்லை, இடுப்பில். சீட் அவரை ஒரு பக்கம் தள்ளும், ஸ்டியரிங் கையில் தானாகவே எதிர்ப்பக்கம் ஓடும். அவர் அதைப் பிடித்து நிறுத்துகிறார். நாமோ நாலைந்து மீட்டர் தள்ளி நின்று, ஒன்றரைக் கிலோகூட வராத ஒரு காரைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். வால் நழுவியதைக் கண் பார்த்து, கைக்குச் சொல்வதற்குள் கார் நம்மைப் பார்த்துக்கொண்டு நிற்கும். நமக்கு இல்லாத அந்த இடுப்புதான் ஜைரோ. எந்தக் கோட்டில் போவது, எப்போது வாலை வீசுவது, வேகம் கொடுக்கும் த்ராட்டிலை எவ்வளவு பிடிப்பது எல்லாம் இன்னும் நம் விரலில்தான் இருக்கிறது. வேண்டுமானால் மச்சான் வந்து ஒரு எட்டு போட்டுக் காட்டட்டும்.

ஆனால் அவன் சொன்னதில் பாதி நியாயம் என்றேனே, அது வேறு இடத்தில் இருக்கிறது. கார் சுற்றுகிறதா, கெயினைக் கூட்டு. இன்னும் சுற்றுகிறதா, இன்னும் கூட்டு. தலைவலிக்கு மாத்திரை போடுகிற மாதிரி. வலி போகும், வலிக்கான காரணம் அங்கேயே உட்கார்ந்திருக்கும். நான் அப்படித்தான் மூன்று வாரம் ஓட்டினேன்.

வலப்பக்க வளைவில் என் கார் கோயில் தேர் மாதிரி நிதானமாகப் போகும். இடப்பக்க வளைவில் கோணம் கொஞ்சம் அதிகமானால் போதும், சுற்றிவிடும். கெயின் 60இல் இருந்தது. 75 ஆக்கினேன். 85 ஆக்கினேன். அதற்கு மேல் போனதும் நேர்க்கோட்டிலேயே முன்சக்கரம் காய்ச்சல் கண்டது போல் வெடவெடக்க ஆரம்பித்தது. செர்வோதான் மெதுவோ என்று வேகமான செர்வோ ஒன்று வாங்கிப் போட்டேன். வெடவெடப்பு குறைந்தது, சுற்றுவது குறையவில்லை. ஸ்பிரிங் மாற்றினேன், டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்ளே அல்லது வெளியே பார்க்கும் கோணம்) மாற்றினேன், பின்பக்கம் ஈயத்துண்டு ஒட்டினேன். எல்லாவற்றையும் ஒரே மாலையில் மாற்றியதால், எது என்ன செய்தது என்று எனக்கே தெரியவில்லை.

ட்ராக்கில் ஒரு அண்ணா உண்டு. அதிகம் பேசமாட்டார். என் காரை இரண்டு சுற்று பார்த்துவிட்டு, "தம்பி, அத இப்படிக் குடு" என்றார். ரிமோட்டை என் கையிலேயே விட்டுவிட்டு காரை மட்டும் தூக்கிக்கொண்டார். "வலது பக்கம் ஃபுல்லா மடக்கு." மடக்கினேன். "இப்ப இடது." மடக்கினேன். பாடியைக் கழற்றித் திருப்பி, வலது மூலையில் விரலை வைத்துக் காட்டினார். முன் பம்பர் வளையும் இடத்தில், உள்பக்கப் பெயின்ட் நகக்கண் அளவுக்குப் பிறை வடிவில் உரிந்திருந்தது. அந்த இடத்தில் வெளிச்சம் ஊடுருவித் தெரிந்தது.

விஷயம் இதுதான். இடப்பக்க வளைவில் சறுக்கும்போது முன்சக்கரம் வலப்பக்கம் மடங்க வேண்டும். வலப்பக்கம் முழுதாக மடங்கும்போது வலது டயரின் முன்விளிம்பு பம்பரின் உள்பக்கத்தில் முட்டி நின்றுவிடுகிறது. ஜைரோ "இன்னும் மடக்கு" என்று கத்துகிறது, மடங்க இடமில்லை, கார் சுற்றுகிறது. கெயினை நூறுக்குக் கொண்டுபோனாலும் முட்டுகிற டயர் முட்டத்தான் செய்யும். நான் ஏன் கண்டுபிடிக்கவில்லை என்றால், மேசையில் வைத்துச் சோதித்த ஒவ்வொரு முறையும் பாடியைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுத்தான் சோதித்தேன். அங்கே இரண்டு பக்கமும் 60 டிகிரிக்கு மேல் அழகாக மடங்கியது. பாடியை அரை சென்டிமீட்டர் முன்னால் தள்ளி ஓட்டை போட்டு மாட்டியதும் தீர்ந்தது. புது செர்வோவின் பில்லை வீட்டில் யாருக்கும் காட்டவில்லை.

அன்றிலிருந்து என் கட்சி இது: காரை முதலில் கெயினைக் குறைத்து ஓட்டிப் பாருங்கள். கெயின் குறைவாக இருக்கும்போதுதான் கார் தன் குறையைச் சொல்லும். இரண்டு பக்கமும் ஒரே அளவு மடங்குகிறதா? ஸ்டியரிங் நடுவில் இருக்கும்போது செர்வோ ஹார்ன் (செர்வோவின் தலையில் இருக்கும் கை), அது தள்ளி இழுக்கும் லிங்க் கம்பிக்குச் செங்குத்தாக நிற்கிறதா? காரைக் கையில் பிடித்து மூக்கை வலப்பக்கம் திருப்பினால் முன்சக்கரம் இடப்பக்கம் ஓடுகிறதா? கடைசிக் கேள்வியைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். ஜைரோ திசை தலைகீழாக இருப்பதே தெரியாமல் சேசிஸைத் திட்டிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இதெல்லாம் சரியாக இருந்தும் கார் சொன்னபடி கேட்கவில்லை என்றால், அடுத்து டயரைப் பாருங்கள். ட்ரிஃப்ட் டயர் கையில் எடுத்தால் கடினமான பிளாஸ்டிக் வளையம்தான். கார்ப்பெட்டுக்கு ஒன்று, பாலிஷ் போட்ட கான்கிரீட்டுக்கு ஒன்று, டைல் தரைக்கு ஒன்று. ஒரு தரையில் வெண்ணெய் மாதிரி போகும் டயர் அடுத்த தரையில் பசை போட்ட மாதிரி ஒட்டும். தரையில் தூசி படிந்திருந்தால் அதே டயர் அதே தரையில்கூட வேறு டயர். பல ட்ராக்குகளில் எல்லோரும் ஒரே டயர்தான் போட வேண்டும் என்று விதி வைத்திருப்பதை நான் முழுதாக ஆதரிக்கிறேன். ஜோடியாக ஓடும்போது ஒருவன் டயர் பிடித்து முன்னால் பாய்ந்து, இன்னொருவன் பின்னால் வழுக்கிக்கொண்டிருந்தால் அது ஜோடியே இல்லை.

மோட்டார் பற்றி நீளமாகப் பேச ஒன்றுமில்லை. 13.5டி (டி என்பது கம்பிச் சுற்றின் எண்ணிக்கை) பிரஷ்லெஸ் மோட்டாரும் 7.4 வோல்ட் லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியும் பெரும்பாலோருக்குப் போதும். லைப்போவைச் சார்ஜில் போட்டுவிட்டு வெளியே போகாதீர்கள். பல நாள் ஓட்டப்போவதில்லை என்றால் செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் வைத்துவிடுங்கள்.

அலுமினியப் பார்ட்டுகளைப் பற்றித்தான் சண்டைக்கு வருவார்கள். பளபளவென்று நீலத்திலும் ஊதாவிலும் இருக்கும், ஆசையாகத்தான் இருக்கும். எனக்கும் இரண்டு மூன்று உண்டு. ஆனால் காஸ்டர் (முன்சக்கரம் திரும்பும் அச்சு பின்பக்கம் சாய்ந்திருக்கும் கோணம்) என்றால் என்ன, அதை மாற்றினால் முன்சக்கரம் என்ன செய்யும் என்று விரலால் தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்ளாதவன் காரில் அலுமினியம் நகைதான். அந்தக் காசில் நல்ல ரிமோட் வாங்குங்கள், இன்னொரு செட் டயர் வாங்குங்கள். கூடவே ஒரு நோட்டு. ஒரு பேட்டரி சார்ஜ் தீரும்வரை ஒரே மாற்றம், அதற்குமேல் தொடக்கூடாது. என்ன மாற்றினேன், கார் என்ன செய்தது என்று இரண்டு வரி எழுத வேண்டும். நான் அந்த ஒரே மாலையில் செய்த மாற்றங்களைப் பிரித்துப் புரிந்துகொள்ள எனக்கு அப்புறம் ஆறு பேட்டரி ஆனது.

பாடிக்குப் பெயின்ட் அடிப்பது தனி உலகம். கண்ணாடி போன்ற பாலிகார்பனேட் ஓட்டுக்கு உள்பக்கமாகத்தான் அடிக்க வேண்டும். வெளியே முதலில் தெரிய வேண்டிய நிறத்தை முதலில் அடித்து, எல்லாவற்றையும் தலைகீழாக யோசிக்க வேண்டும். கடைசியில் வெளிப்பக்கம் ஒட்டியிருக்கும் பாதுகாப்புப் படலத்தை உரிக்கும் அந்த ஒரு நிமிடத்துக்காகவே சிலர் இந்தப் பொழுதுபோக்கில் இருக்கிறார்கள். நான் எட்டு நாள் உழைத்த பாடி முதல் சுற்றிலேயே சுவரை முத்தமிட்டது. அதைப் பற்றி இப்போது பேச வேண்டாம்.

இப்போது என் கெயின் 55. நேற்று 50க்கு இறக்கிப் பார்த்தேன். நீளமான இடப்பக்க வளைவின் நடுவில் வால் ஒரு தடவை தயங்கித் தயங்கிப் போகிறது. அங்கே நான் த்ராட்டிலைச் சீக்கிரம் விடுகிறேனா, இல்லை காருக்கே ஏதாவது குறையா என்று பிடிபடவில்லை. பாடியோடு மடக்கிப் பார்த்துவிட்டேன், முட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை காஸ்டரை மட்டும் இரண்டு டிகிரி கூட்டி ஓட்டப்போகிறேன். செர்வோ வாங்கமாட்டேன்.