கனம் வேறு, பேச்சு வேறு

நேற்று நான் போட்ட படத்துக்குக் கீழே நடந்த கூத்தை எல்லாரும் பார்த்தாச்சு. திரும்பச் சொல்லப் போவதில்லை. என் மியாட்டாவில் (மாஸ்டாவின் சின்ன ஸ்போர்ட்ஸ் கார்) பவர் ஸ்டீயரிங் பம்ப்பை, அதாவது ஸ்டீயரிங் திருப்பும் கைக்கு எண்ணெய் அழுத்தத்தால் உதவுவதை, திரும்ப மாட்டினேன், அவ்வளவுதான். அந்த உதவி இல்லாத கனமான மேனுவல் ஸ்டீயரிங்கில்தான் ரோட்டின் உணர்வு கைக்கு வரும், பவர் வைத்தால் கார் செத்தது என்பது இவர்கள் கட்சி. அதற்கு ஒருவர் என் காருக்கு மாலை போட்டு ஊதுபத்தி ஏற்றிய படம் வைக்கிறார். இன்னொருவர், "அக்கா, கையில் தெம்பில்லை என்றால் எதற்கு ஸ்போர்ட்ஸ் கார்?" என்கிறார். அதற்கு நாற்பத்துச் சொச்சம் சிரிப்பு. சிரித்தவர்களில் மூன்று பேர் என் காரில் உட்கார்ந்து வந்தவர்கள். சரி, இருக்கட்டும்.

நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்று. ஸ்டீயரிங் கனமாக இருப்பது வேறு, ஸ்டீயரிங் பேசுவது வேறு. இதைப் பத்துத் தடவை எழுதிவிட்டேன், பதினோராவது தடவையும் எழுதுகிறேன்.

வளைவில் முன் டயருக்குப் பக்கவாட்டு விசை வரும்போது, அது டயர் தரையைத் தொடும் பரப்பின் நட்டநடுவில் விழுவதில்லை. கொஞ்சம் பின்னால் தள்ளி விழுகிறது. அதனால்தான் சக்கரம் தானாக நேராகப் பார்க்கத் திமிறுகிறது. அந்தத் திமிறல்தான் உங்கள் உள்ளங்கைக்கு வருவது. வேகம் ஏறி, டயர் தன் பிடியின் எல்லையை நெருங்க நெருங்க, அந்தப் பின்தள்ளல் சுருங்குகிறது. டயர் கைவிடுவதற்குச் சற்று முன்பே ஸ்டீயரிங் லேசாகிவிடும். "போதும், இதற்கு மேல் கேட்காதே" என்று கார் சொல்லும் இடம் அது. கவனியுங்கள் தெம்புள்ளவர்களே, செய்தி கனத்தில் வரவில்லை. கனம் குறைவதில் வருகிறது.

நின்ற இடத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்டீயரிங்கைத் திருப்புகிறீர்களே, அது ரப்பர் தரையில் தேய்கிற கனம். அதில் ஒரு சேதியும் இல்லை.

"அப்படியானால் லோட்டஸ் எலீஸ்?" என்று கேட்பீர்கள், தெரியும். 1996 முதல் 2021 வரை அந்தக் காருக்குப் பவர் ஸ்டீயரிங்கே கிடையாது. இருக்கைக்குப் பின்னால் இன்ஜின், முன்பக்கம் இறகு மாதிரி, முதல் எலீஸின் முன் டயர் வெறும் 185 மில்லிமீட்டர் அகலம், மொத்தக் காரே 725 கிலோ அளவில்தான். அதற்கு எதற்குப் பவர்? நானே கும்பிடுகிற கார் அது. ஆனால் உங்கள் மியாட்டாவில் இன்ஜின் முன்னால் உட்கார்ந்திருக்கிறது. கம்பெனி 185 டயர் போட்ட இடத்தில் நீங்கள் 205 போட்டிருக்கிறீர்கள். ஸ்டீயரிங் வீலையும் சின்னதாக மாற்றி, கைக்கு இருந்த நெம்புகோல் பலத்தைக் குறைத்துக்கொண்டீர்கள். இத்தனையும் செய்துவிட்டு, 'ஆஹா, என்ன உணர்வு!' என்றால் எப்படி? உணர்கிறது ரோட்டை அல்ல, சொந்தத் தோளை.

இன்னொன்றையும் யாரும் பேசுவதில்லை. கனத்தைக் குறைக்க மேனுவல் ரேக்கில் (ஸ்டீயரிங்கின் சுழற்சியைச் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் பல் தண்டு) பல் விகிதத்தை மெதுவாக வைத்திருப்பார்கள். என் தலைமுறை மியாட்டாவில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குத் திருப்ப மேனுவலில் மூன்று சுற்றுக்கு மேல் ஆகும், பவரில் மூன்றுக்குள் முடிந்துவிடும். பின்பக்கம் நழுவும்போது திருத்த வேண்டிய அந்த அரை நொடியில் கை கூடுதலாக ஓட வேண்டும். மாலை போட்ட படத்தில் இதற்கு இடமில்லை போலிருக்கிறது.

அடுத்து போர்ஷே வரும். 2011-ல் அவர்களுடைய 911 காருக்கு மின்சார ஸ்டீயரிங் வந்தபோது மரத்துப்போச்சு என்று உலகமே அழுதது. அந்த அழுகையில் நியாயம் உண்டு, நான் மறுக்கவில்லை. ஆனால் அழுதவர்கள் எதை இழந்ததற்காக அழுதார்கள்? ஹைட்ராலிக் பவர் ஸ்டீயரிங்கை, அதாவது எண்ணெய் அழுத்தத்தில் ஓடும் பவரை! 911-க்குப் பவர் வந்தது 1989-ல், 964 என்ற தலைமுறையில். நீங்கள் உருகுகிற அடுத்தடுத்த தலைமுறைகள் 993, 997 எல்லாம் பவர் ஸ்டீயரிங்தான் ஐயா.

இப்போது என் கதை. நானும் ஒரு காலத்தில் இந்தக் கோஷ்டிதான். ஆறு வருஷத்துக்கு முன்னால் பம்ப்பைக் கழற்றி, பெல்ட்டைத் தூக்கிப் போட்டு, ரேக்கின் இரண்டு குழாயையும் வளைத்து ஒன்றோடொன்று இணைத்து, "இனி மேனுவல்" என்று படம் போட்டு லைக் வாங்கியவள். அது மேனுவல் இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. பவர் ரேக்கில் பினியனுக்கு (ரேக்கை நகர்த்தும் சின்னப் பல் சக்கரம்) மேலே ஒரு மெல்லிய கம்பி இருக்கிறது. நாம் திருப்பும்போது அது முறுகும், அந்த முறுக்குதான் வால்வைத் திறக்கும், எண்ணெய் அழுத்தம் போய் பிஸ்டனைத் தள்ளும். பம்ப் போனாலும் கம்பி போகவில்லை. முதலில் அது சோம்பலாக முறுகும், பிறகுதான் ரேக் அசையும். பிஸ்டனின் சீலும் உள்ளே உரசிக்கொண்டே இருக்கும். ஒழுங்காகச் செய்வதென்றால் ரேக்கைப் பிரித்து, சீலை எடுத்து, வால்வை அசையாதபடி வெல்டு வைக்க வேண்டும். நான் செய்யவில்லை. நேற்றுச் சிரித்தவர்களில் எத்தனை பேர் செய்தார்கள்? ஐந்து வருஷம் கனமான, மந்தமான ஒரு ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு 'உணர்வு, உணர்வு' என்று எழுதிக்கொண்டிருந்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

நடுவில் ஒரு நாள் கம்பெனியிலேயே மேனுவல் ரேக்கோடு வந்த ஒரு மியாட்டாவை ஓட்டினேன். டயரும் பழைய அகலமே. அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை, அவ்வளவு நன்றாக இருந்தது. அப்படி ஒன்று கிடைத்து, உடம்பும் ஒத்துழைத்தால் வாங்குங்கள், நானே கூட வந்து பார்த்துத் தருகிறேன். இதை நேற்றும் எழுதியிருந்தேன். யாரும் படிக்கவில்லை. 'அக்கா பவருக்கு மாறிட்டாங்க' என்பதோடு படிப்பு முடிந்துவிட்டது.

ஏன் திரும்ப மாட்டினேன் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். போன வருஷம் வலது தோள் இறுகிப்போனது. ஃப்ரோசன் ஷோல்டர். எட்டு மாதம். தலை வாரிக்கொள்ள முடியவில்லை, மேல் தட்டிலிருந்து ஒரு டம்ளர் எடுக்க முடியவில்லை. கார் உறை போட்டபடி நின்றது. வாரம் ஒருமுறை போய் ஸ்டார்ட் செய்துவிட்டு வருவேன், நகர்த்த முடியாது. விற்றுவிடலாமே என்று வீட்டில் மெதுவாகச் சொன்னார்கள். விற்பதற்காகப் படம் எடுக்கக்கூடப் போனேன். எடுக்காமல் வந்துவிட்டேன்.

"அதெல்லாம் சரி, அனுதாபம் தேடாதீர்கள்" என்று ஒருவர் வருவார். வாருங்கள். தோள் நன்றாக இருந்தாலும் நான் சொல்வது மாறாது. கனம் வேறு, பேச்சு வேறு. இது பன்னிரண்டாவது தடவை.

பம்ப் மாட்டி, எண்ணெய் ஊற்றி, காற்றை வெளியேற்றிய மறுநாள் விடிவதற்கு முன் தனியாக எடுத்துக்கொண்டு போனேன். மூன்றாவது வளைவில் கொஞ்சம் அதிகமாகவே வேகம் வைத்துவிட்டேன். விரல் நுனியில் அந்த லேசு வந்தது. வந்ததே! ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தேன், முன்பக்கம் திரும்பப் பிடித்தது. உள்ளே உட்கார்ந்து நான் என்ன செய்தேன் என்பதை இங்கே எழுதுவதாக இல்லை, அதற்கும் சிரிப்பு போடுவீர்கள்.

மாலை போட்டவர் வந்து ஓட்டிப் பார்க்கலாம், சாவி தருகிறேன். அந்த மூன்று பேர் மட்டும் பெட்ரோல் போட்டுவிட்டு வாருங்கள்.