மூணு நாள், இருபத்து மூணு இடம்

(ஏப்ரல் மாதக் கடைசி. சென்னை போரூரிலிருந்து சுந்தர் போன் போடுகிறார். மேட்டுப்பாளையத்தில் எடுப்பவர் டாக்ஸி ஓட்டும் பழனிச்சாமி. பின்னால் டீ ஆற்றும் சத்தம்.)

சுந்தர்: ஹலோ, பழனிச்சாமி அண்ணாவா? சென்னையில இருந்து பேசறேன். மே 9, 10, 11, மூணு நாள் ஊட்டிக்கு இன்னோவா வேணும்.

பழனிச்சாமி: வேணாங்க.

சுந்தர்: வண்டி இல்லையாண்ணா?

பழனிச்சாமி: வண்டி வாசல்லதான் நிக்குதுங்க. நீங்க வேணாம்னு சொல்றேன். 9, 10 சனி ஞாயிறுங்க. வேற தேதியே கெடைக்கலீங்களா உங்களுக்கு?

சுந்தர்: பசங்களுக்கு லீவு அப்பதானே? எல்லாரும் மே மாசம்தான் போறாங்க.

பழனிச்சாமி: அதையேதான் நானும் சொல்றேன்.

சுந்தர்: அதெல்லாம் பிளான் பக்காண்ணா. எக்செல் ஷீட்டே போட்டிருக்கேன். ரீல்ஸ்ல பார்த்துப் பார்த்துப் பொறுக்கினது, மொத்தம் 23 இடம்.

பழனிச்சாமி: மூணு நாள்லயா? சித்த இருங்க, கணக்குப் போடறேன். தூக்கம், சாப்பாடு போக ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம். மூணு நாளைக்கு 1,800 நிமிசம். 23 இடத்துக்குப் பிரிச்சா இடத்துக்கு 78 நிமிசம். அதுல ரோட்டுல முக்கால் மணி, பார்க்கிங் தேட இருபது, பாத்ரூம் வரிசை பத்து. மிச்சம் எவ்வளவுங்க?

சுந்தர்: ...மூணு நிமிஷம்.

பழனிச்சாமி: அதுல செல்ஃபி எடுத்துட்டு, கண்ணு மூடியிருக்குன்னு இன்னொண்ணும் எடுத்துக்கலாம்.

சுந்தர்: கிண்டல் பண்ணாதீங்கண்ணா. லிஸ்டைக் கேளுங்க. முதல் நாள்: பைக்காரா, டால்ஃபின்ஸ் நோஸ், கோடநாடு வியூ பாயிண்ட், அவலாஞ்சி...

பழனிச்சாமி: நிறுத்துங்க. பைக்காரா ஊட்டிக்கு மேற்கால, கூடலூர் ரோட்டுல 20 கிலோமீட்டர். டால்ஃபின்ஸ் நோஸ் குன்னூர் தாண்டி. கோடநாடு கோத்தகிரிக்கும் அக்கட்டால. அவலாஞ்சி இன்னொரு மூலை. ஏனுங்க, ரீல்ஸ் வந்த வரிசையிலயே எழுதிட்டீங்களா?

சுந்தர்: ...லைக்ஸ் வரிசைண்ணா.

பழனிச்சாமி: மலையில லைக்ஸ் பார்த்துப் போகக்கூடாதுங்க, திசை பார்த்துப் போகோணும். ஊட்டிப் பக்கம்னா தாவரவியல் பூங்கா, தொட்டபெட்டா. குன்னூர்னா சிம்ஸ் பார்க், லேம்ப்ஸ் ராக், டால்ஃபின்ஸ் நோஸ். ஒரு நாளைக்கு ஒரு திசை. அதுலயும் ரண்டு இடம், போனாப் போகுதுன்னு மூணு.

சுந்தர்: ஆனா அந்த டால்ஃபின்ஸ் நோஸ் ரீல்ல ஒரு ஆளு கூட இல்லண்ணா! பனி, பள்ளத்தாக்கு, புல்லாங்குழல்...

பழனிச்சாமி: அது ஏதோ புதன்கிழமை விடியக்காலம் எடுத்ததா இருக்குங்க. நீங்க சனிக்கிழமை பதினோரு மணிக்குப் போவீங்க. ரோடு குறுகல், ரண்டு வேன் எதிரெதிர வந்தா முடிஞ்சுது. தப்பிச்சுப் போய்ச் சேர்ந்தா மூடுபனி வந்திருக்கும், பள்ளத்தாக்கு தெரியாது. பக்கத்துல நிக்கறவரு மட்டும் தெரிவாரு. அவரும் உங்க ஏரியாக்காரராத்தான் இருப்பாரு. புல்லாங்குழலுக்குப் பதிலா அவரு போன்ல பேசறது கேக்கும்.

சுந்தர்: சரி, இடத்தைக் குறைச்சுக்கறேன். இப்ப வண்டி வருமா?

பழனிச்சாமி: வராதுங்க. வாடகை கிலோமீட்டருக்குத்தானே? சீசன் சனிக்கிழமை குன்னூர் ரோட்டுல நாலு மணி நேரம் நின்னா கிலோமீட்டர் ஓடாது, கிளச்தான் ஓடும். ஏத்தத்துல அரை கிளச்சுலயே ஊர்ந்துட்டு இருந்தா பிளேட்டு வெந்து போயிரும். அந்தச் செலவை உங்ககிட்டக் கேட்டா எனக்கு ஒத்தை ஸ்டார் குடுப்பீங்க.

சுந்தர்: அப்ப நானே கார்ல வந்துடறேன். ஆட்டோமேட்டிக். கிளச் பிரச்சினையே இல்ல!

பழனிச்சாமி: (டீ கிளாஸை வைக்கும் சத்தம்) இ-பாஸ் எடுத்தாச்சுங்களா?

சுந்தர்: அது கொரோனாவுக்குத்தானே?

பழனிச்சாமி: அட சாமி. 2024 மே 7-ல இருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் ஐகோர்ட் உத்தரவுல இ-பாஸ் வந்துருச்சுங்க. அரசாங்க வெப்சைட்ல வண்டி நம்பர், எத்தனை பேரு, என்னைக்கு வர்றீங்க, எங்க தங்கறீங்கன்னு போட்டா கியூஆர் கோடு வரும். காசு கிடையாது. 2025 சீசன்ல எண்ணிக்கையும் வெச்சாங்க. நீலகிரிக்கு வார நாள்ல 6,000 வண்டி, சனி ஞாயிறுல 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. கல்லாறு செக்போஸ்ட் வரைக்கும் வந்து போன்ல சிக்னல் தேடிட்டு நிக்காதீங்க, வீட்டுலயே எடுத்து ஸ்கிரீன்ஷாட் வெச்சுக்கோங்க. அங்கயே பிளாஸ்டிக் தண்ணி பாட்டில் இருக்கான்னும் பார்ப்பாங்க.

சுந்தர்: தண்ணி பாட்டில் கூடாதா? ரெண்டு கேஸ் வாங்கி டிக்கியில வச்சுட்டேனே!

பழனிச்சாமி: மே மாசத்துக்கு ஏப்ரல்லயே தண்ணி வாங்குனீங்க, மலை ரயில் டிக்கெட்டை விட்டுப்போட்டீங்க. வீட்டுல சில்வர் பாட்டில் இருக்குமில்ல, ஆளுக்கு ஒண்ணு. மேல தண்ணி ஏடிஎம் இருக்குது, புடிச்சுக்கலாம்.

சுந்தர்: சரி. பாஸ் எடுத்தா கார் ஓகேதானே?

பழனிச்சாமி: ஏர்றது பெரிசில்லீங்க. குன்னூர் வரைக்கும் 14 கொண்டை ஊசி வளைவு, எப்படியும் ஏறிருவீங்க. எறங்கறதைச் சொல்லுங்க. எந்த கியர்ல எறங்குவீங்க?

சுந்தர்: டி. அதான் சொன்னேனே, ஆட்டோமேட்டிக்.

பழனிச்சாமி: ஏறுன கியர்லயே எறங்கோணும், அதுதாங்க மலைச் சட்டம். டி-ல விட்டா, நீங்க ஆக்சிலேட்டர்ல கால் வெக்கலைன்னதும் கார் மேல் கியருக்குப் போயிரும். இஞ்சின் வண்டியைப் புடிக்காது. மொத்தப் பாரமும் பிரேக்குக்கு. நீங்களும் மேல இருந்து கீழ வரைக்கும் பிரேக்குல கால வெச்சுட்டே வருவீங்க. டிஸ்க் சூடாகி, அந்தச் சூடு பிரேக் ஆயிலுக்குப் போய், ஆயில் கொதிச்சு உள்ள குமிழ் உண்டாயிரும். ஆயிலை அமுக்க முடியாது, குமிழை அமுக்கலாம். பெடல் பஞ்சாட்டம் தரை வரைக்கும் போகும், வண்டி பாட்டுக்கு ஓடும்.

சுந்தர்: (மெதுவாக) அப்போ என்ன பண்ணணும்?

பழனிச்சாமி: மேனுவல் மோடு இருந்தா ரண்டாவது கியர்ல பூட்டிருங்க. இல்லீன்னா எல்-னு போட்டிருக்கற லோ கியர். இஞ்சின் உறுமும், பயப்படாதீங்க, அதுதான் உங்களைப் புடிச்சு வெச்சிருக்குது. பிரேக்குல காலைத் தூங்க வெக்காதீங்க. வேகம் ஏறுனா நல்லா ஒரு அழுத்து, விட்டுருங்க. கருகுன வாசனை வந்தா ஓரமா அகலமா இருக்கற இடத்துல நிறுத்தி அரை மணி நேரம் ஆற விடோணும். தண்ணி மட்டும் ஊத்திராதீங்க, சூடான டிஸ்க் கோணிப்போகும், விரிசலும் விடும். பிரேக் ஆயில் எப்ப மாத்துனீங்க?

சுந்தர்: அதை மாத்தணுமா?

பழனிச்சாமி: ரண்டு வருசத்துக்கு ஒருக்கா. அது காத்துல இருக்கற ஈரத்தை இழுத்துக்கும். ஈரம் சேர்ந்த ஆயில் வெரசாக் கொதிக்கும். இன்னொண்ணுங்க: ஏர்ற வண்டிக்குத்தான் வழி. எறங்கறவரு ஒதுங்கோணும். வளைவுல பஸ் வந்தா அது மொத்த ரோட்டையும் எடுத்துத்தான் திரும்பும், அங்க போய் ரோசம் பார்க்கக்கூடாது.

சுந்தர்: மேப்ல வேற வழி காட்டுதுண்ணா. ஊட்டியில இருந்து மசினகுடிக்கு கல்லட்டி வழியா, தூரமும் கம்மி.

பழனிச்சாமி: 36 கொண்டை ஊசி வளைவு. வெளியூர் வண்டியை அந்த வழியா எறங்க விடறதில்லீங்க. ஏன்னு கேட்டீங்கன்னா, டி-ல போட்டுட்டு எறங்குனவங்க நெறையப் பேரு. மேப்புக்குத் தூரம் தெரியும், சரிவு தெரியாது. இன்னொண்ணு, சீசன்ல போலீஸ்காரங்க ஒருவழி ஆக்கிருவாங்க. குன்னூர் வழியா ஏத்தம், கோத்தகிரி வழியா எறக்கம். மேப்பைக் காட்டி அவங்ககிட்ட வாதாடக் கூடாது.

சுந்தர்: (பெருமூச்சு) மலை ரயில்ல போயிடலாமா அப்போ? திங்கக்கிழமை எனக்கு லீவு இல்ல, வொர்க்கேஷன். மத்தியானம் ரெண்டு மணி ரயில்ல இறங்கிக்கிட்டே லேப்டாப்ல மீட்டிங்கை முடிச்சிடுவேன்.

பழனிச்சாமி: அந்த லைன்ல 16 குகைங்க. பதினாறு தடவை 'கேக்குதா, கேக்குதா'ம்பீங்க. பதினேழாவது தடவை உங்க மேனேஜர் இருக்கமாட்டாரு. அதுவும் டிக்கெட் இருந்தாத்தானே? 60 நாளைக்கு முன்னால திறக்கும். 9-ஆம் தேதி காலையில 7:10 ரயிலுக்கு மார்ச் 10-ஆம் தேதி காலையில எட்டு மணிக்கே உக்காந்திருக்கோணும்.

சுந்தர்: மார்ச் 10... அன்னைக்கு எட்டு மணிக்கு தூங்கிட்டிருந்தேன்.

பழனிச்சாமி: தூங்காதவங்க எல்லாம் அந்த ரயில்ல போறாங்க. 46 கிலோமீட்டருக்கு அஞ்சு மணி நேரம் ஆகும்ங்க. கல்லாறு தாண்டுனா குன்னூர் வரைக்கும் பல்லு வெச்ச தண்டவாளம், இஞ்சின் பின்னால இருந்து தள்ளும். வேகமா எங்கயாச்சும் போய்ச் சேரோணும்னு நெனைக்கறவங்களுக்கு அது ஆகாது. 23 இடத்துக்காரர் அதுல ஏறுனா பாதி வழியில குதிச்சுருவாரு.

சுந்தர்: தட்கல்?

பழனிச்சாமி: தட்கலை நம்பி ஆறு பேரைக் கூட்டிட்டு வந்தா, நாலு பேரு ரயில்ல, ரண்டு பேரு பிளாட்பாரத்துலதான். அந்த ரண்டு பேரு யாருன்னு முடிவு பண்றது யாருங்க?

சுந்தர்: எங்கம்மாவும் மாமியாரும் வர்றாங்கண்ணா. அந்த முடிவு என்னால எடுக்க முடியாது.

பழனிச்சாமி: அதாங்க. ஆனா ஒரு வழி இருக்குது. குன்னூர்ல இருந்து ஊட்டிக்கு அதே லைன்ல தனியா டீசல் ரயில் தினம் மூணு நாலு தடவை ஓடுது. ஒரு மணி நேரம் சொச்சந்தான். வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல். கேத்திப் பள்ளத்தாக்கு பார்க்க அது போதும். எடம் இருக்கான்னு இப்பவே பாருங்க. அது சரி, சென்னையில இருந்து மேட்டுப்பாளையத்துக்கு எப்படி வர்றீங்க, நீலகிரி எக்ஸ்பிரஸ்லயா?

சுந்தர்: அது மட்டும் என் மனைவி அப்பவே போட்டுட்டாங்க. ஆறு பெர்த்தும் கன்ஃபர்ம்.

பழனிச்சாமி: அப்ப அவங்ககிட்டப் போனைக் குடுங்களேன்.

சுந்தர்: அண்ணா!

பழனிச்சாமி: சரி, சரி. கேளுங்க. சென்னையில ராத்திரி ஒம்பது மணிக்கு ஏறுனா காலையில ஆறேகாலுக்கு இங்க. ஸ்டேஷன்ல இருந்து பஸ் ஸ்டாண்டு. குன்னூர் பஸ் வந்துட்டே இருக்கும். அரசு பஸ்ஸுக்கு இ-பாஸும் வேணாம், எண்ணிக்கையும் கிடையாது. அந்த டிரைவரு மாசம் எத்தனை தடவை ஏறி எறங்கறாருன்னு நெனச்சுப் பாருங்க, உங்க பிரேக் ஆயிலை விட அவரு நம்பிக்கை.

சுந்தர்: பசங்க வாந்தி எடுப்பாங்களே?

பழனிச்சாமி: காலையில பூரி கெழங்கு வேணாம். ரண்டு இட்லி. வெறும் வயிறும் ஆகாது. டாக்டர்கிட்டக் கேட்டு வாந்தி மாத்திரை வாங்கி, கெளம்பறதுக்கு அரை மணி நேரம் முந்தியே குடுத்துருங்க, மலை ஏற ஆரம்பிச்சப்புறம் குடுத்து புண்ணியமில்ல. போனைப் பார்க்க விடாதீங்க. கண்ணு போனுல நிக்குது, காதுக்குள்ள ஒடம்பு ஆடுதுன்னு சொல்லுது, ரண்டுக்கும் சண்டை வந்தாத்தான் வாந்தி. முன் சீட்டுல உக்கார வெச்சு தூரத்துல ரோட்டைப் பார்க்கச் சொல்லுங்க.

சுந்தர்: முன் சீட்டுக்கு அம்மாவும் மாமியாரும்...

பழனிச்சாமி: அது காதுக்குள்ள வர்ற சண்டை இல்லீங்க, அதுக்கு மாத்திரை கெடையாது.

சுந்தர்: ஊட்டியில ரூம் பார்த்து வச்சிருக்கேன். முதல் நாள் ஊட்டி, ரெண்டாவது நாள் கோத்தகிரி.

பழனிச்சாமி: ஒரே ஊர்ல தங்குங்க, குன்னூர்ல. ரூம் மாத்துனா அரை நாள் போச்சு. பெட்டி கட்டி, கணக்கு முடிச்சு, அடுத்த ரூம் ரண்டு மணிக்குத்தான்னு சொல்லுவான். முதல் நாள் சிம்ஸ் பார்க், சாயங்காலம் சும்மா கடைவீதி. வர்க்கி வாங்குங்க, மொறுமொறுன்னு இருக்குதான்னு ஒண்ணு ஒடைச்சுப் பார்த்து வாங்குங்க. ரண்டாம் நாள் முதல் ரயில்ல ஊட்டி. தாவரவியல் பூங்காவுக்குக் கூட்டம் வர்றதுக்குள்ள நுழைஞ்சுருங்க. 1848-ல ஆரம்பிச்ச தோட்டம், அங்கயே மூணு மணி நேரம் ஆகும். அப்புறம் சீசனுக்கு விடற சுற்றுப் பஸ் இருந்தா அதுல தொட்டபெட்டா, இல்லீன்னா விட்டுருங்க. மூணாம் நாள் கோத்தகிரி வழியா பஸ்ஸுல கீழ.

சுந்தர்: 23 இடம் இப்ப மூணா?

பழனிச்சாமி: கேத்தி ஸ்டேஷனைச் சேர்த்தா நாலு.

சுந்தர்: ஊருக்குப் போய் என்னண்ணா சொல்றது? பக்கத்து வீட்டுக்காரங்க 31 இடம் பார்த்தாங்க.

பழனிச்சாமி: அவங்க பார்த்தது 31 பார்க்கிங்குங்க. அடுத்த தடவை செப்டம்பர் கடைசியில காலாண்டு லீவுக்கு வாங்க. அது ரண்டாம் சீசன். பூந்தொட்டி எல்லாம் திரும்ப அடுக்குவாங்க, கூட்டம் கம்மி. செவ்வா, புதன், வியாழன் பார்த்து வாங்க. அக்டோபர் கடைசிக்குத் தள்ளாதீங்க. வடகிழக்குப் பருவமழை வந்தா மண்ணு சரியும், ரயிலும் நிக்கும். அப்ப எனக்குப் போன் போடுங்க, இன்னோவா வரும்.

சுந்தர்: கடைசியில இந்தத் தடவை உங்களுக்கு ஒரு ரூபாய் கூட வராம பண்ணிட்டீங்களேண்ணா. ஸ்டேஷன்ல இருந்து பஸ் ஸ்டாண்டுக்காவது உங்க வண்டியில வர்றோம்.

பழனிச்சாமி: நடக்கற தூரந்தானுங்க.

சுந்தர்: ஆறு பேரு, அஞ்சு பெரிய பெட்டிண்ணா!

பழனிச்சாமி: மூணு நாளைக்கு அஞ்சு பெட்டியா? ...சரி, வர்றேன். பெட்டியை வண்டியில போடுங்க. நீங்க நடந்து வாங்க.