கட்டி முடித்த பிறகு யார் போய்ப் பார்ப்பது?
சமூகப் பிரச்சினைகளுக்குத் தீர்வு வடிவமைக்கும் துறைக்கு வர டிசைன் பட்டமும் நல்ல ஐடியாவும் போதும் என்று இந்தக் கட்டுரை சொல்வதை ஏற்க முடியவில்லை. ஜெய்ப்பூர் செயற்கைக் காலையே எடுத்துக்கொள்ளுங்கள். 1960களின் கடைசியில் டாக்டர் பி.கே. சேத்தியோடு சேர்ந்து அதை உருவாக்கிய ராம் சந்திர சர்மா, அதிகம் படிக்காத கைவினைஞர். சம்மணம் போட்டு உட்காரவும் செருப்பில்லாமல் வயலில் இறங்கவும் முடிகிற கால் வேண்டும் என்று யோசித்ததால்தான் அந்த ரப்பர் பாதம் வந்தது. பயன்படுத்துபவரின் வாழ்க்கையை அப்படி யோசிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதையும் பார்த்திருக்கிறேன்; நான் கிராமத்துக் கழிப்பறைத் திட்டம் ஒன்றில் வேலை பார்த்தவள். நாங்கள் கட்டிய உலர் கழிப்பறையில், அதாவது தண்ணீர் ஊற்றாமல் மலத்தைக் காயவைத்து உரமாக்கும் கழிப்பறையில், இரண்டு தொட்டி இருக்கும். ஒன்று நிறைந்ததும் மூடிவிட்டு அடுத்ததற்கு மாற வேண்டும், ஒவ்வொரு முறையும் சாம்பல் தூவ வேண்டும். கேஸ் அடுப்பு வந்துவிட்ட வீட்டில் சாம்பலுக்கு எங்கே போவது? ஒரு பாட்டிதான் இதைக் கேட்டார். பதில் தேடுவதற்குள் திட்ட நிதி முடிந்து எல்லோரும் கிளம்பவேண்டியதாயிற்று. இந்தத் துறையில் சம்பளம் எப்படி என்று கட்டுரைக்குக் கீழே கேட்டிருக்கும் தம்பிக்கு: வடிவமைக்கப் பணம் கிடைக்கும், ஒரு வருஷம் கழித்துத் திரும்பிப் போய்ப் பார்க்கத்தான் கிடைப்பதில்லை. வேலையில் சேரும் முன் அதற்கு பட்ஜெட்டில் இடம் இருக்கிறதா என்று அவசியம் கேளுங்கள்.