வேகம் வெட்டில் மட்டும் இல்லை

கேமராவை ஆட்டி, சட்சட்டென்று வெட்டினால் ஸ்பை படம் ரெடி என்கிற மாதிரி எழுதியிருக்கிறீர்கள். 2007-ல் வந்த 'தி போர்ன் அல்டிமேட்டம்' என்ற ஸ்பை படத்தின் லண்டன் வாட்டர்லூ ஸ்டேஷன் காட்சியை இன்னொரு தடவை பாருங்கள். படத்தில் ஒரு ஷாட் சராசரியாக 2 விநாடிதான் நிற்கும். ஆனாலும் யார் எங்கே நிற்கிறார், எந்த சிசிடிவி யாரைப் பார்க்கிறது என்பதில் குழப்பமே வராது. சிஐஏ உளவாளிகள் துரத்தும் ஒரு நிருபரின் பாக்கெட்டில், ஹீரோ ஜேசன் போர்ன் போடும் போன் விழுகிறது. 'ஷூ லேஸைக் கட்டு' என்று அந்த போனில் சொல்கிறான் போர்ன். குனிகிறார், தப்பிக்கிறார். கடைசியில் பயந்துபோய் சொல்பேச்சு கேட்காமல் வெளியே வருகிறார், குண்டு பாய்கிறது. பதற்றம் அந்தக் கட்டளைகளில் இருக்கிறது. கேமரா ஆட்டம் அதற்கு மேல் தூவிய மசாலா. மொராக்கோவின் டாஞ்சியர் நகரில் நடக்கும் சண்டையில் பின்னணி இசையே கிடையாது, மூச்சும் சாமான் உடையும் சத்தமும்தான். எடிட்டிங்குக்கு ஒன்று, ஒலிக்கு இரண்டு என மூன்று ஆஸ்கர், சும்மாவா கொடுத்தார்கள்?