பித்தம்னு முடிவு கட்டாதீங்க
"தலைசுற்றல்னாலே பித்தம், இஞ்சிச் சாறு குடிச்சா போயிடும்"னு ஒருத்தர் எழுதியிருக்கார். இஞ்சி குமட்டலைக் கொஞ்சம் அடக்கும், அவ்வளவுதான். படுக்கையில புரளும்போது, பரண்ல சாமான் எடுக்க அண்ணாந்து பார்க்கும்போது அரை நிமிஷம் வீடே சுத்துதா? பெரும்பாலும் உள்காதில் இருக்கிற சுண்ணாம்புத் துகள், தலை அசைவை உணரும் அரைவட்டக் குழாய்க்குள் நழுவியிருக்கும். கஷாயம் அதை நகர்த்தாது. தலையைக் குறிப்பிட்ட கோணங்களில் திருப்பிப் படுக்கவைக்கும் எப்லி முறை நகர்த்தும். காது மூக்கு தொண்டை டாக்டர் சில நிமிஷத்தில் செஞ்சுடுவார். சில வாரத்தில் தானாகவே சரியாவதும் உண்டு (பேரு இஞ்சிக்குப் போயிடுது!). நாள்பட்ட தள்ளாட்டத்துக்கு சமநிலைப் பயிற்சி உதவும். பேச்சு குழறினா, ரெட்டையா தெரிஞ்சா, ஒரு பக்கம் மரத்துப்போனா உடனே 108-ஐக் கூப்பிடுங்க.