மெதூசாவின் கையில் யார் தலை?

2020 அக்டோபரில் நியூயார்க் மன்ஹாட்டனில், குற்றவியல் நீதிமன்றத்துக்கு எதிர்ப் பூங்காவில் ஒரு வெண்கலச் சிலை வைத்தார்கள். கிரேக்கப் புராணத்தில் வரும் மெதூசா, ஏழடி உயரத்தில். தலையெல்லாம் பாம்பு, ஒரு கையில் வாள், மறு கையில், புராணத்தில் அவளைக் கொன்ற வீரன் பெர்சியஸின் தலை. அர்ஜென்டினா சிற்பி லூசியானோ கார்பாத்தி 2008இல் உருவாக்கியது. ஹாலிவுட் தயாரிப்பாளர் ஹார்வி வைன்ஸ்டீன் மீதான பாலியல் வழக்கு நடந்த நீதிமன்றம் அது என்பதால், பாலியல் கொடுமைக்கு எதிரான மீ டூ இயக்கத்தோடு சேர்த்தே சிலையைப் பார்த்தார்கள்.

இத்தாலியின் புளோரன்ஸில் சிற்பி செல்லினி செய்த பெர்சியஸ் சிலைக்கு இது பதில். 1554இல் திறக்கப்பட்ட அந்தச் சிலையில் பெர்சியஸ், தலையற்ற மெதூசாவின் உடலை மிதித்துக்கொண்டு அவள் தலையை உயர்த்திக் காட்டுகிறான். கார்பாத்தியின் மெதூசா யாரையும் மிதிக்கவில்லை. தலையைத் தூக்கிக் காட்டவுமில்லை, தாழ்த்திப் பிடித்திருக்கிறாள். முகத்தில் வெற்றிக் களிப்பு துளியும் கிடையாது. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

ஆனாலும் மனசு ஒப்பவில்லை. ரோமானியக் கவி ஓவிட் சொல்லும் கதையை எடுத்துக்கொள்வோம். அதீனாவின் கோயிலுக்குள் மெதூசாவைச் சீரழித்தவன் கடல் தெய்வம் பொசைடன். அதற்கு அதீனா தண்டித்தது மெதூசாவைத்தான், அழகான கூந்தலைப் பாம்புகளாக்கி. பெர்சியஸ் பிற்பாடு வந்து, தூங்கிக்கொண்டிருந்தவளின் கழுத்தை வெட்டுகிறான். கடைசியில் அந்த முகமே அதீனாவுக்குக் கவச அணியாகிறது. பொசைடனுக்கு ஒரு கீறல்கூட இல்லை.

அப்படியென்றால் நீதிமன்ற வாசலில் அவள் கையில் யார் தலை இருந்திருக்க வேண்டும்? சிலை வந்தபோதே பல பெண்கள் இதைக் கேட்டார்கள், நியாயமான கேள்வி. பெர்சியஸ் கொலைகாரன்தான், ஆனால் பாலியல் கொடுமையைப் பற்றிப் பேச வந்த இடத்தில் அதைச் செய்தவன் இங்கேயும் தப்பித்துவிட்டான். அப்புறம் அந்த உடம்பு. நிர்வாணமாக, ஒல்லியாக, வழுவழுவென்று, விளம்பர மாடல் மாதிரி. இவ்வளவு பட்டவளையும் ஆண் கண்ணுக்குப் பிடித்த மாதிரிதான் வடிக்க வேண்டுமா?

1854 வாக்கில் ரோமில் இருந்த அமெரிக்கச் சிற்பி ஹாரியட் ஹாஸ்மர் மெதூசாவின் மார்பளவுச் சிலை ஒன்றைப் பளிங்கில் செதுக்கினார். அதில் வாளும் இல்லை, பெர்சியஸும் இல்லை. கூந்தல் பாம்பாக மாறிக்கொண்டிருக்கும் நேரம், தலையைத் திருப்பி நிற்கும் ஒரு பெண், அவ்வளவுதான். அவளுக்கு நேர்ந்ததை மட்டும் காட்டுகிறது அந்தச் சிலை. நீதிமன்ற வாசலுக்கு நான் அவளைத்தான் அனுப்பியிருப்பேன்.